கோல்ஃப் மட்டையின் அமைப்பும் பட்டர் பொருத்தமும் பந்தின் மீதான கட்டுப்பாட்டை எவ்வளவு தீர்மானிக்கின்றன?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: சில ஆண்டுகளாக ஆடிவருகிறீர்கள், ஆட்டத்திறனைக் குறிக்கும் எண்ணான ஹேண்டிகேப் 18-ஐச் சுற்றியே நிற்கிறது, குழியைச் சுற்றியுள்ள குறும்புல் பரப்பான கிரீனில் மூன்று முறை தட்ட வேண்டிய நிலை அடிக்கடி வருகிறது. கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் மட்டையே பட்டர்; உடன் ஆடுபவர்கள் பெரிய தலை கொண்ட விலையுயர்ந்த பட்டர் ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். மட்டையின் வடிவமைப்பு பந்தின் மீதான கட்டுப்பாட்டை உண்மையிலேயே மாற்றுமா, பட்டரை உடலுக்கேற்பப் பொருத்திக்கொள்வது செலவுக்குத் தகுந்ததா என்பது உங்கள் ஐயம். மாற்றும் என்பதே என் பதில். ஆனால் அது மாற்றும் வழி, விளம்பரங்களில் சொல்லப்படும் வழியாகப் பெரும்பாலும் இருப்பதில்லை. நெடுந்தொலைவு அடிக்கும் ட்ரைவர், நடுத்தரத் தொலைவுக்கான அயர்ன், குறுந்தொலைவுக்குப் பந்தை உயர்த்தி அடிக்கும் வெட்ஜ் ஆகியவற்றில் கோணங்களும் எடைப் பங்கீடும் பந்தின் மீது நேரடியாக வேலை செய்கின்றன. பட்டரில் அவற்றின் நேரடி விளைவு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. அவை உங்கள் கண்ணையும் தோளையும் கையையும் எங்கே நிறுத்துகின்றன என்பதன் வழியாக வரும் மறைமுக விளைவே பெரியது. எதற்குப் பணம் செலவிடலாம், எதற்கு வேண்டாம் என்பதை இந்த வேறுபாட்டை வைத்தே முடிவு செய்யலாம்.

முதலில் திசை. பந்து எந்தப் பக்கம் புறப்படும் என்பதை, மோதும் கணத்தில் மட்டையின் முகம் எங்கே நோக்குகிறது என்பதும், மட்டை எந்தப் பாதையில் நகர்ந்து வருகிறது என்பதும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. பட்டரில் முகத்தின் பங்கு ஐந்தில் நான்குக்கும் மேல், மிச்சம்தான் பாதைக்கு. குழியின் விட்டம் 4.25 அங்குலம், அதாவது மையத்திலிருந்து விளிம்பு வரை இரண்டு அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். 10 அடி தொலைவிலிருந்து பார்த்தால் அந்த இரண்டு அங்குலம் ஏறத்தாழ 1 டிகிரிக் கோணம். 20 அடியிலிருந்து அதில் பாதி. பந்து குழியைக் கடந்து நெடுந்தூரம் ஓடும் வேகத்தில் வந்தால் விளிம்பில் பட்டுச் சுழன்று வெளியேறிவிடும் என்பதால், பயன்படக்கூடிய அகலம் இன்னும் குறைகிறது. ஆகவே கைவீச்சின் பாதை நேரா வளைவா என்று நாள் முழுவதும் வாதிடுபவர்களைவிட, முகம் எங்கே நோக்குகிறது என்று கவலைப்படுபவரே சரியான இடத்தில் கவலைப்படுகிறார்.

அடுத்தது தொலைவு. மூன்று முறை தட்டும் நோய்க்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பந்து முகத்தின் நடுப்புள்ளியில் படாதபோது தலை திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் ஆற்றல் வீணாகிப் பந்தின் வேகம் குறைகிறது. இதை முறையாகக் கையாண்டவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய கார்ஸ்டன் சோல்ஹைம். தம்முடைய பட்டிங் சரியில்லை என்ற எரிச்சலில் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் வீட்டு கராஜில் அவர் 1959-இல் செய்த பட்டரே பிங் நிறுவனத்தின் தொடக்கம். தலையின் எடையை நடுவிலிருந்து எடுத்து, மட்டையின் தண்டான ஷாஃப்ட் நுழையும் பக்கமான ஹீலுக்கும் எதிர்முனையான டோவுக்கும் பிரித்து வைத்தார். கயிற்றின் மேல் நடக்கும் கழைக்கூத்தாடி நீண்ட கழியைக் குறுக்காகப் பிடித்துச் சாயாமல் நிற்பதும் இதே இயற்பியலால்தான்: எடை மையத்திலிருந்து விலக விலக நிலைமத் திருப்புத்திறன் கூடுகிறது, பொருளைத் திருப்புவது கடினமாகிறது. 1966-இல் வந்த அவருடைய ஆன்சர் பட்டரின் வடிவம் இன்றுவரை ஏறக்குறைய எல்லா நிறுவனங்களாலும் நகலெடுக்கப்படுகிறது. டைகர் உட்ஸ் மேஜர் எனப்படும் முதன்மைப் போட்டிகளில் தம்முடைய 15 வெற்றிகளில் 14-ஐப் பெற்றது அந்த மரபில் வந்த ஸ்காட்டி கேமரன் நியூபோர்ட் 2 பட்டரைக் கொண்டுதான்.

பெரிய தலை எவ்வளவு உதவும் என்பதை ஒரு தோராயக் கணக்கில் பார்க்கலாம். 350 கிராம் எடையுள்ள இரண்டு தலைகளை எடுத்துக்கொள்வோம்: ஒன்று நிலைமத் திருப்புத்திறன் 4000 கிராம் சதுர சென்டிமீட்டர் கொண்ட, பிளேடு எனப்படும் ஒல்லியான தலை, மற்றது 6000 கொண்ட, மேலட் எனப்படும் பெரிய தலை. 30 அடி பட் (பட்டரால் உருட்டும் தட்டல்) ஒன்றை நடுப்புள்ளியிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி அடித்தால், பிளேடில் பந்து ஏறத்தாழ 7 அங்குலம் குறைவாக உருளும். மேலட்டில் 5 அங்குலம். யாருக்கும் இந்த வேறுபாடு தெரியப்போவதில்லை. 2 சென்டிமீட்டர் தள்ளி அடித்தாலோ பிளேடில் இரண்டேகால் அடி குறையும், மேலட்டில் ஒன்றரை அடி. இரண்டாவது தட்டலின் மன அழுத்தம் இங்கேதான் மாறுகிறது. எனவே பெரிய தலை உங்களுக்குத் தேவையா என்பதற்கு விடை கடையில் இல்லை, உங்கள் பட்டரின் முகத்தில் இருக்கிறது. முகத்தில் லேசாக டால்கம் பவுடரைத் தடவி 25 அடியிலிருந்து இருபது பந்துகளை அடியுங்கள்; தடங்கள் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் மேலட்டுக்கு நீங்கள் கொடுக்கும் பணம் தொலைவுக் கட்டுப்பாட்டில் திரும்பி வராது. தடங்கள் முகம் முழுவதும் சிதறிக் கிடந்தால் வரும். மையம் தவறினால் பந்து பக்கவாட்டில் ஓடிவிடும் என்ற அச்சம் மட்டும் மிகைப்படுத்தப்பட்டது: பந்து முகத்தைத் தொட்டிருக்கும் நேரம் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதற்குள் தலை திரும்பும் கோணம் மிகச் சிறியது.

ட்ரைவரில் நிலைமை வேறு. அங்கே ஈர்ப்பு மையம் முகத்திலிருந்து வெகுவாகப் பின்னால் இருப்பதால், டோ பக்கம் படும் பந்துக்குத் தலையின் திருப்பம் எதிர்த்திசைச் சுழற்சியைக் கொடுக்கிறது. இரண்டு பற்சக்கரங்கள் ஒன்றையொன்று திருப்புவது போன்ற இந்த நிகழ்வை கியர் எஃபெக்ட் என்பார்கள். அந்தச் சுழற்சி பந்தை மீண்டும் நடுவுக்கு வளைத்துக் கொண்டுவரும் என்பதை எதிர்பார்த்தே ட்ரைவரின் முகத்தைக் கிடைமட்டத்தில் சற்றுப் புடைப்பாக வார்க்கிறார்கள். யுஎஸ்ஜிஏ, ஆர் அண்ட் ஏ ஆகிய இரு விதியமைப்புகளும் ட்ரைவர் தலையின் கொள்ளளவை 460 கன சென்டிமீட்டராகவும் நிலைமத் திருப்புத்திறனை 5900 ஆகவும் வரையறுத்திருக்கின்றன; பெரும்பாலான நிறுவனங்கள் அந்த எல்லையை ஒட்டியே செய்வதால், புதிய ட்ரைவர்களுக்கிடையே உள்ள வேறுபாடு விலைப்பட்டியலில் தெரியும் அளவுக்குப் புல்வெளியில் தெரிவதில்லை.

அயர்ன்களிலும் வெட்ஜ்களிலும் கவனிக்க வேண்டியது லை கோணம். மட்டையைத் தரையில் சரியாக வைத்தால் ஷாஃப்டுக்கும் தரைக்கும் இடையே உள்ள கோணம் அது. அடிக்கும் கணத்தில் டோ தூக்கி நின்றால் வலக்கை ஆட்டக்காரரின் மட்டை முகம் இடப்பக்கம் நோக்கும், ஹீல் தூக்கினால் வலப்பக்கம். எவ்வளவு நோக்கும் என்பது முகத்தின் சாய்வுக் கோணமான லாஃப்டைப் பொறுத்தது. முகம் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு கூடக் கூட, தலை பக்கவாட்டில் சாய்வதன் விளைவு திசையில் கூடுதலாக வெளிப்படும். லை கோணம் 2 டிகிரி தவறினால், 56 டிகிரி வெட்ஜின் முகம் ஏறத்தாழ 3 டிகிரி விலகி நோக்கும். 100 கெஜத்தில் அது 5 கெஜம். 33 டிகிரி லாஃப்ட் உள்ள 7 அயர்னில் விலகல் 1.3 டிகிரி. 3 டிகிரி லாஃப்ட் உள்ள பட்டரில் அதே தவறு வெறும் 0.1 டிகிரி, 10 அடியில் கால் அங்குலம்கூட இல்லை. பட்டரின் லை கோணத்துக்காக மணிக்கணக்கில் கவலைப்படுபவர், தம்முடைய வெட்ஜின் லை கோணத்தை ஒருமுறைகூட அளந்து பார்க்காமல் இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கவலை தலைகீழாக இருக்க வேண்டும்.

முழு வீச்சில் ஷாஃப்ட் வளைந்து டோ கீழ்நோக்கி இறங்குவதால், அயர்னின் லை கோணத்தை நின்றபடி அளந்தால் போதாது; அடிப்பாகத்தில் டேப் ஒட்டி, தட்டையான பலகையின் மேல் அடித்து, உராய்ந்த தடம் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கூடவே லாஃப்ட் இடைவெளிகளையும் கேட்டறியுங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் 35 டிகிரிக்கு மேல் இருந்த 7 அயர்ன், இன்றைய தொலைவு வகை மட்டைகளில் 30-க்கும் கீழே வந்துவிட்டது. ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்திவிட்டதால் பந்து எப்படியும் உயரும் என்பது அதற்கான நியாயம். ஆனால் அந்த வரிசையின் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரியாக இருந்து, உங்கள் பையில் அடுத்திருப்பது 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் என்றால், இடையே 13 டிகிரிப் பள்ளம் இருக்கிறது. அந்தத் தொலைவுகளிலெல்லாம் அரை வீச்சு, முக்கால் வீச்சு என்று ஊகித்தே அடிக்க வேண்டும். கிரீனில் குழியிலிருந்து 40 அடி தள்ளிப் பந்து வந்து சேர்வதற்கும், அதனால் மூன்று முறை தட்டுவதற்கும் பட்டர் எப்படிப் பொறுப்பாகும்?

இனி பட்டர் பொருத்தம். நான் முதலில் பார்ப்பது நீளம். கடைகளில் தொங்கும் பட்டர்கள் பெரும்பாலும் 34 அல்லது 35 அங்குலம். நடுத்தர உயரமுள்ளவர் இயல்பாகக் குனிந்து கைகளைத் தோளிலிருந்து தளர்வாகத் தொங்கவிட்டால் அவருக்குத் தேவைப்படுவது பலமுறை அதைவிடக் குறைவாகவே இருக்கிறது. நீளம் கூடினால் இரண்டில் ஒன்று நடக்கும்: ஒன்று முழங்கைகள் மடங்கி விலாவில் ஒட்டிக்கொள்ளும், அல்லது பந்தை விட்டுத் தள்ளி நிற்பீர்கள். இரண்டாவதில் கண் பந்துக்கும் காலுக்கும் இடையே நெடுந்தூரம் உள்ளே வந்துவிடுகிறது. கண் பந்துக்கு நேர்மேலேயோ ஓரிரு அங்குலம் உள்ளேயோ இருக்கும்போது குழிக்குச் செல்லும் கோட்டைத் தலையைத் திருப்பிப் பார்த்தால் அது நேராகத் தெரிகிறது. அதைவிட உள்ளே போனால் கோடு சாய்ந்து தோன்றுகிறது, எந்தப் பக்கம் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. தவறாகத் தெரியும் கோட்டுக்கு முகத்தைத் திருப்பி வைத்துவிட்டு, பிறகு வீச்சின்போது கை தன்னையறியாமல் அதைத் திருத்த முயல்கிறது. பயிற்சிக் கிரீனில் நிதானமாக இருக்கும்போது அந்தத் திருத்தம் வேலை செய்யும். கடைசிக் குழியில் நான்கு அடி பட்டுக்கு முன் நிற்கும்போது செய்யாது. நீளம் பந்தைத் தொடுவதே இல்லை, ஆயினும் பட்டரின் அளவுகளில் பந்தின் வழியை அதிகம் மாற்றுவது அதுதான் என்பது என் துணிபு.

இரண்டாவது, தலையின் தோற்றம். ஷாஃப்டின் கழுத்து முகத்துக்கு எவ்வளவு முன்னே வளைந்திருக்கிறது, மேற்பரப்பில் ஒரு கோடா மூன்று கோடுகளா, கோடு முகத்துக்கு அருகிலா பின்விளிம்பிலா என்பவையெல்லாம் நீங்கள் குறிவைக்கும் திசையை மாற்றுகின்றன. இதில் பொதுவிதி கிடையாது. லேசர்க் கருவி உள்ள பொருத்துநரிடம் சென்றால் நல்லது. இல்லையென்றால் வீட்டிலேயே ஒருவர் துணையோடு செய்யலாம். ஒரு நாணயத்தைக் குழியாக வைத்து 8 அடியில் பந்துக்குப் பின்னால் பட்டரைக் குறிவைத்து அப்படியே அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். துணைக்கு இருப்பவர் பந்தை எடுத்துவிட்டு, தச்சர்கள் பயன்படுத்தும் மூலைமட்டத்தின் ஒரு புயத்தை முகத்தில் ஒட்டிவைத்து, மற்றப் புயத்தின் வழியே நூலைப் பிடித்துப் பார்க்கட்டும். நூல் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் விலகினால் அந்தத் தலை உங்கள் கண்ணுக்கு ஏற்றதல்ல. இரு பக்கமும் மாறி மாறி விலகினால் குறை தலையில் இல்லை, நீங்கள் நிற்கும் முறையில் இருக்கிறது. புதிய பட்டர் அதைத் தீர்க்காது.

லாஃப்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பந்து தன் எடையாலேயே புல்லில் சிறு குழிவில் அமர்ந்திருக்கிறது. அதிலிருந்து ஏறி வெளிவர 2 முதல் 4 டிகிரி லாஃப்ட் வேண்டும். விதிப்படி பட்டரின் லாஃப்ட் 10 டிகிரியைத் தாண்டக் கூடாது. அடிக்கும்போது கைகள் பந்துக்கு முன்னே சாய்ந்தால் அந்தச் சாய்வு லாஃப்டிலிருந்து கழிகிறது: 3 டிகிரி பட்டரை 4 டிகிரி சாய்வோடு அடித்தால் பந்து தரையில் அழுத்தப்பட்டுத் துள்ளிப் புறப்படும். எப்படி அடித்தாலும் பந்து முதலில் சறுக்கிப் பிறகே உருளத் தொடங்குகிறது. சுழற்சியே இல்லாமல் புறப்படும் பந்து முழு உருளலுக்கு வரும்போது தொடக்க வேகத்தில் ஏழில் ஐந்து பங்குதான் மிஞ்சும் என்பது பாடநூல் இயற்பியல். அந்தச் சறுக்கல் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தால்தான் தொலைவு கைக்குப் பழகும். வெப்ப நாடுகளின் தடித்த பெர்முடாப் புல் கிரீன்களில், குறிப்பாக மழைக்குப் பின் மெதுவாகிவிடும்போது, 3-க்கும் 4-க்கும் இடைப்பட்ட லாஃப்ட் பொருந்தும். வழுக்குப்பாறை போன்ற வேகமான கிரீன்களில் 2 போதும். பழைய காலத்துப் பட்டர்களில் லாஃப்ட் கூடுதலாக இருந்ததற்கும் அக்காலக் கிரீன்கள் மெதுவாக இருந்ததே காரணம்.

எடைச் சமநிலை பற்றித்தான் இப்போது அதிகம் பேசப்படுகிறது. ஷாஃப்டைக் கிடைமட்டமாக விரலில் தாங்கினால், சில பட்டர்களில் டோ கீழே தொங்கும். சிலவற்றில் முகம் வானத்தைப் பார்க்கும். டோ தொங்கும் தலையில் ஈர்ப்பு மையம் ஷாஃப்டின் அச்சிலிருந்து டோ பக்கம் விலகியிருப்பதால், கை முன்னே இழுக்கும்போது டோ பின்தங்கி முகம் திறக்க முயலும், வேகம் தணியும்போது மூட முயலும். வளைவான பாதையில் முகத்தைத் திறந்து மூடி அடிப்பவருக்கு அது இயல்பாகத் தோன்றும். நேராக இழுத்து நேராகத் தள்ளுபவர் அதை எதிர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். வளைவுக்கு டோ தொங்கல், நேருக்கு முகச் சமநிலை என்ற வாய்பாடு தொடக்கப் புள்ளியாகப் பயன்படும், சட்டமாகக் கொள்ளத்தக்கதல்ல. அச்சு ஈர்ப்பு மையத்தை நோக்கியே செல்லும்படி அமைத்து, திருப்பும் விசையையே நீக்கிவிடும் பட்டர்கள் அண்மையில் பரவியிருக்கின்றன. எல்.ஏ.பி. கோல்ஃப் நிறுவனத்தின் அத்தகைய பட்டருக்கு மாறிய லூக்காஸ் குளோவர், பல ஆண்டுகள் குறும் பட்களில் கைநடுக்கத்தோடு போராடியவர், 2023 ஆகஸ்டில் அடுத்தடுத்த இரண்டு பிஜிஏ டூர் போட்டிகளை வென்றார். ஜே. ஜே. ஸ்பான் 2025 யுஎஸ் ஓப்பனில் ஓக்மான்ட் மைதானத்தின் கடைசிக் குழியில் 64 அடி பட்டை உள்ளே அனுப்பியதும் அந்நிறுவனப் பட்டரால்தான்.

இத்தகைய கதைகளை எச்சரிக்கையோடு படியுங்கள். ஸ்காட்டி ஷெஃப்லர் 2024 மார்ச்சில் மேலட் பட்டருக்கு மாறிய அதே வாரம் ஆர்னால்ட் பால்மர் போட்டியை ஐந்து ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார், அடுத்த வாரம் பிளேயர்ஸ், ஏப்ரலில் மாஸ்டர்ஸ். ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பே அவர் பட்டிங்குக்கென்று தனிப் பயிற்றுநரோடு உழைக்கத் தொடங்கியிருந்தார். இவற்றிலிருந்து உறுதியாக எடுத்துக்கொள்ளக்கூடியது, தவறான பட்டர் நல்ல வீச்சை மறைத்துவைக்க முடியும் என்பது மட்டுமே. 14 மேஜர்களை வென்றுதந்த உட்ஸின் பட்டரில் டோ நன்றாகவே தொங்கும் என்பதையும் அதோடு சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

உங்கள் நிலையில் நான் முதலில் பணம் செலவிடுவது வெட்ஜ்களின் லாஃப்ட், லை கோணங்களை அளந்து சரிசெய்வதற்கு. மென்மையான எஃகுத் தலைகளாக இருந்தால் வளைத்துத் திருத்திவிடலாம், செலவு குறைவு. பிறகு பவுடர்ச் சோதனையும் மூலைமட்டச் சோதனையும். புதிய பட்டர் வாங்குவதானால் அந்த இரண்டின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள். எடைத் திருகுகள் உள்ள தலையை எடுத்தால் ஆட்டத்துக்கு முன்பே அமைத்துக்கொள்ள வேண்டும். சுற்று தொடங்கியபின் மட்டையின் தன்மையை மாற்றுவதை விதி அனுமதிப்பதில்லை. நீண்ட பட்டரைத் தேர்ந்தாலும் அதன் முனையை வயிற்றிலோ மார்பிலோ ஊன்றி அடிப்பது 2016 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இருக்கும் பட்டரையே குட்டையாக்க நினைத்தால் உடனே அறுத்துவிட வேண்டாம். கைப்பிடியான கிரிப்பில் ஓர் அங்குலம் கீழே பிடித்துச் சில வாரங்கள் ஆடிப் பாருங்கள். கண் பந்துக்கு மேல் வருகிறதா, பவுடர்த் தடங்கள் நெருங்குகின்றனவா என்று கவனியுங்கள். பயன் தெரிந்தால் அரை அரை அங்குலமாகக் குறைக்கச் சொல்லுங்கள். நீளம் குறையும்போது தலை கைக்கு இலேசாகத் தோன்றும், நெடும் பட்கள் சில நாள் குறைவாகவே நிற்கும். அடிப்பாகத்தில் ஈய நாடா ஒட்டியோ கனமான எடைத் திருகு மாற்றியோ தலையின் எடையைச் சற்றுக் கூட்டியபின், லை கோணத்தையும் ஒருமுறை மீண்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.